சித்தப்பா கரையிறங்கிய கதை

சென்னையிலிருந்து இலங்கைப் பக்கம் போய்வரும் சொகுசுக் கப்பலில் ஒரு தடவை ஏறி இறங்கியதிலிருந்து, சித்தப்பாவுக்கு எந்த ஊரும் துறைமுகம்தான். திருவனந்தபுரத்தில் கல்யாணம் முடித்துவிட்டு, ரயில் மாற நாகர்கோவில் ஜங்ஷனில் இறங்கியவர் என்னைப் பார்த்ததும் சொன்னார்: "அஞ்சரைக்கு வண்டி. நாலரைக்கெல்லாம் ஆல் அபோர்டு, எல்லாரும் ஏறியிருக்கணும். அதுவரைக்கும் கரையைச் சுத்திடலாம்." கரையாம்! இங்கிருந்து கடலுக்கு பஸ் பிடித்துத்தான் போக வேண்டும்.

கப்பல் சட்டத்தை அவர் விளக்கினார். கப்பல்காரர்களே கூட்டிப்போகும் டூர் என்றால், நேரமானாலும் கப்பல் காத்திருக்கும். தன்பாட்டுக்கு நடந்து போனவன் வராவிட்டால் கிளம்பிவிடும். கடைசி நிமிஷத்தில் மூட்டை முடிச்சோடு ஓடிவருகிறவர்களை மேல்தளத்தில் நின்று கைதட்டி வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் உண்டாம். சித்தப்பா நடக்கிற கட்சி. கப்பலில் கொடுத்த கழுத்துநாடாவில் இப்போது ஆதார் அட்டை தொங்கியது.

கோட்டாறில் முதல் நிறுத்தம். சிப்ஸ் கடைக்காரர் ஏத்தங்காயை, அதாவது நேந்திரங்காயை, நேராக எண்ணெய்க்கு மேலேயே சீவிக்கொண்டிருந்தார். சித்தப்பா போனை நீட்டி, சட்டிக்குள் எட்டிப் பார்த்து வீடியோ எடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் ஒரு கரண்டி உப்புத் தண்ணீரைக் கொதிக்கிற எண்ணெயில் ஊற்றினார். இங்கே சிப்ஸுக்கு உப்பு சேர்ப்பதே அப்படித்தான். எண்ணெய் 'சர்ர்ர்' என்று சீறிய சீறலில் சித்தப்பா பின்னால் நின்ற ஆட்டோவில் போய் உட்கார்ந்துவிட்டார். "எங்க போணும் சாரே?" என்றார் ஆட்டோக்காரர், அசராமல்.

நடந்தே போவோம் என்பது கொள்கை. மே மாத வெயிலில் மீனாட்சிபுரம் தாண்டி மணிமேடை வந்ததும் கொள்கை தள்ளாடியது. 1893-ல் திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில் திறந்த மணிக்கூண்டு அது என்று நான் ஆரம்பிக்க, அவர் அண்ணாந்து மணி பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், "ரசவடை எங்கே கிடைக்கும்?" என்றார். கிடைத்தது. ரசத்தில் ஊறிப் பஞ்சாகிப்போன பருப்பு வடையைக் கரண்டியால் வெட்டும்போது அவர் முகத்தில் வந்த பக்தியைக் கல்யாண வீட்டில்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மூன்று சாப்பிட்டார். சித்தியிடம் ஒன்று என்று சொல்லச் சொன்னார்.

வடசேரி கனகமூலம் சந்தைப் பக்கம் வாழைக்குலைகள் வரிசையாகத் தொங்கின. செந்துளுவன், ரசகதலி, பேயன், ஏத்தன், பாளையங்கோட்டான். சித்தப்பா எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மெலிந்து நீண்ட மட்டிக் குலைக்கு முன்னால் நின்றார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் என்று எங்கோ படித்திருக்கிறார்.

"இதுல ரெண்டு சீப்பு கொடுங்க."

"எத்தன மாசப் பிள்ளைக்கு சாரே?" என்றார் கடைக்கார அம்மா. எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கு முதலில் மசித்துக் கொடுக்கிற பழம் மட்டி. கேட்டதில் தப்பே இல்லை.

"எனக்குத்தாம்மா."

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இரக்கப்பட்டு, நன்றாகப் பழுத்த சீப்பாகத் தேடி எடுத்தார். "பல்லுக்குச் சிரமம் இருக்காது."

அந்தக் கோபத்தை சித்தப்பா மீன்காரம்மாவிடம் காட்டப் போனதுதான் வினை. சாளையும் அயிலையும் மினுமினுவென்று கிடந்தன. "இப்ப மீன்பிடித் தடைக்காலம். பேப்பர்ல போட்டிருக்கான். இது ஐஸ் மீன்தானே?" என்றார், ஊர்வாயை மூடிவிட்ட தோரணையில்.

மீன்காரம்மா ஒரு அயிலையை எடுத்துச் செவுளைப் பிளந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். செக்கச்செவேல். "தடை கெழக்க, சின்னமுட்டத்துல. இது குளச்சல் மீனு. எங்களுக்கு மேக்குக் கடலுக்கு ஜூன் ஒண்ணுலதான் தடை. எங்க ஜில்லாவுக்கு ரெண்டு கடல், ரெண்டு தடை. பேப்பர்ல அதையும் போடச் சொல்லுங்க!" கிழக்கே விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, மேற்கே ஜூன், ஜூலை என்று நான் விளக்கம் சொல்வதற்குள் பக்கத்துக் கூடைக்காரம்மாவும் சேர்ந்துகொண்டார். சித்தப்பா தொப்பியைக் கழற்றிவிட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே வெள்ளைக்கொடி அதுதான்.

மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். தேங்காய் அரைத்துவிட்ட அந்தக் குழம்பைப் பார்த்ததும் ஆல் அபோர்டு எல்லாம் மறந்தே போயிற்று. கிழங்கு வயிற்றில் உட்கார்ந்த கனத்தில் கடையிலேயே கண் சொக்கினார்.

எழுப்பி, ஆட்டோவில் ஏற்றி, ஜங்ஷனில் கொண்டு சேர்த்தபோது மணி ஐந்தே கால். பழப்பையோடு பிளாட்பாரத்தில் ஓடினார். கைதட்டலாம் என்று தோன்றியது. என் இரண்டு கையிலும் அவருடைய சிப்ஸ் பொட்டலங்கள்.

மறுநாள் சித்தி போன் பண்ணினார். "ஏன்டா, இந்த மனுஷன் வாழைப்பழத்தைப் பீரோவுல வச்சுப் பூட்டுறார். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒண்ணு கேட்டா, தர முடியாதாம். அப்புறம், அங்க எத்தனை ரசவடை சாப்பிட்டார், உண்மையைச் சொல்லு."

"ஒண்ணுதான் சித்தி."

"அவரும் அப்படியேதான் சொன்னார். ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சிருக்கீங்க."