பத்து அமர்வும் ஒரு நோட்டும்

மேலாளரிடமிருந்து செய்தி வந்தாலே எனக்கு வயிறு கலங்கும். தூக்கம் கெட்டு மூன்று மாதம் ஆன பிறகுதான் கவுன்சிலிங் போனேன். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்புவார்கள், அதற்கு நம்ம பெரியம்மா போதாதா என்ற எண்ணம் அப்போதும் போகவில்லை.

முதல் நாள் ஆலோசகர் ஒரு படிவத்தைக் கொடுத்து விளக்கினார். ஒரு அமர்வு 50 நிமிடம். பேசுவது வெளியே போகாது; ஆனால் என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் உரியவர்களிடம் சொல்லியாக வேண்டும். மருந்து தேவை என்று தோன்றினால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார், தானே எழுதித்தர முடியாது.

அப்புறம் நான் கொட்டித் தீர்த்தேன். “சரி, வேலையை விடட்டுமா வேண்டாமா, சொல்லுங்க” என்றேன். பதில் இல்லை, ஒரு கேள்விதான் வந்தது.

“வயிறு கலங்குறது செய்தியைப் படிச்ச பிறகா, படிக்கிறதுக்கு முன்னாடியா?”

முன்னாடிதான். திரையில் பெயரைப் பார்த்ததுமே. மூன்று மாதமாக இதை நான் கவனித்ததே இல்லை.

வீட்டுப்பாடமும் உண்டு. நோட்டில் கட்டம் போட்டு, என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, அதை எத்தனை சதவீதம் நம்புகிறேன், ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று எழுத வேண்டும். ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் உருவாக்கிய சிகிச்சை வழியில் வந்த பயிற்சியாம். எனக்குச் சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரிந்ததால் முதல் வாரம் எழுதவே இல்லை.

அடுத்த வாரம் “கொஞ்சம் பேசலாமா?” என்று மேலாளரிடமிருந்து செய்தி. ‘வேலை போச்சு, 90’ என்று எழுதினேன். ஆதாரக் கட்டத்தில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. எதிர்ப்பக்கம், புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலை சொல்லிக் கொடுக்க என்னை நியமித்ததே இவர்தானே என்பது நினைவுக்கு வந்தது. 90-ஐ அடித்து 60 போட்டேன். உள்ளே போனால், அடுத்த மாதம் எந்தத் தேதியில் விடுப்பு வேண்டும் என்று கேட்கிறார்!

நாலாவது அமர்வில் பழைய வேலையில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிய கதை வெளியே வந்தது. அன்று போனதைவிட மோசமாகத் திரும்பினேன். இரண்டு நாள் யாரோடும் பேச்சில்லை. நிறுத்திவிடலாம் என்று தோன்றியதை அவரிடமே சொன்னேன். பழையதைக் கிளறும்போது சிலருக்கு அப்படி ஆவதுண்டு, வேகத்தைக் குறைத்துக்கொள்வோம் என்றார்.

மொத்தம் 10 அமர்வு, கடைசி இரண்டு மட்டும் மாதத்துக்கு ஒன்று. வேலையை விடட்டுமா என்ற கேள்விக்கு அவர் கடைசிவரை பதில் சொல்லவில்லை. நான் விடவில்லை. வயிறு இன்னும் கலங்கத்தான் செய்கிறது. நோட்டில் இப்போது 30, 40 என்று எழுதுகிறேன்.