நேவிகெஸ் மாதாவும் 101 வயது மேஸ்திரியும்

ஜெர்மனிக்கு வர அம்மாவுக்குக் கிடைத்தது மூன்று மாத விசா. இங்கே யாத்திரைத் தலமாக இருக்கும் கெவலார் மாதாவைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் தூத்துக்குடியில் இருந்து கிளம்பினாள். அதற்கேற்றபடி ஆகஸ்டில் தமிழர் திருவிழாவுக்கே கூட்டிப்போனேன். ஐரோப்பாவில் இருக்கிற ஈழத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வந்து கூடும் நாள் அது. பட்டுச்சேலை, தமிழில் பூசை, தமிழில் செபமாலை, நெற்றியில் திருநீற்றோடு வந்து மெழுகுதிரி ஏற்றும் இந்துக் குடும்பங்கள். அம்மாவுக்குப் பனிமய மாதா திருவிழாவுக்குப் போய்வந்த மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் வேறு எந்தக் கோயிலும் வேண்டாம் என்றாள்.

நான்தான் கேட்கவில்லை. நேவிகெஸ் என்று இன்னொரு மாதா கோயில் இருக்கிறது, அதைக் கட்டியவர் நூற்றியொரு வயது வரை வாழ்ந்தவர், அப்பாவுக்குக் காட்ட முடியாமல் போனதை உனக்காவது காட்டுகிறேன் என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனேன். அப்பா மேஸ்திரி. முப்பது வருடம் வீடு கட்டினவர். தளம் போடுகிற நாளில் இருபது ஆளுக்குச் சோறு ஆக்கிக் கொண்டுபோனவள் அம்மா. காங்கிரீட் விஷயத்தில் அவளிடம் வாய் கொடுத்து மீள முடியாது.

வுப்பர்டாலில் எஸ் 9 ரயிலைப் பிடித்தால் அரை மணிக்குள் நேவிகெஸ். சின்ன ஊர். சிலேட்டுக்கல் பதித்த கறுப்புச் சுவர், வெள்ளைச் சட்டம் போட்ட ஜன்னல், பச்சை அடைப்புக் கதவு என்று தெருவெல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள். அந்த வீடுகளுக்கு மேலே சாம்பல் நிறத்தில் முனை முனையாக ஏதோ தெரிந்தது. கிட்டப் போகப் போக அது பெரிதாகிக்கொண்டே வந்தது.

அம்மா நின்றுவிட்டாள்.

"என்னல இது, உப்புக் குடோனா?"

"கோயில்தாம்மா."

"கோபுரம் எங்க?"

கோபுரம் கிடையாது. கூரையே மலைமுகடு மாதிரி மடிந்து மடிந்து மேலே போகிறது. கூடாரம் என்பார்கள், படிகம் என்பார்கள். எனக்கு முதல்முறை பார்த்தபோது கசக்கிப் போட்ட பெரிய காகிதம் மாதிரித்தான் இருந்தது. பூச்சு இல்லை, வண்ணம் இல்லை. அம்மா சுவர் பக்கத்தில் போய் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள். அப்பா புது வீட்டுச் சுவரைத் தட்டுவது போலவே.

கட்டியவர் பெயர் கோட்ஃப்ரீட் பேம். 'பேம்' என்று நான் எழுதுவதற்கும் ஜெர்மன்காரர் சொல்வதற்கும் கொஞ்சம் தூரம் உண்டு. அந்த உயிரெழுத்து நம்மிடம் இல்லை. 1920-ல் பிறந்தவர், 2021 ஜூனில் இறந்தார். அப்பா டொமினிகுஸ் பேம் கத்தோலிக்கக் கோயில்கள் கட்டிப் பேர் வாங்கியவர். தாத்தாவுக்கும் கட்டட வேலைதான். கோட்ஃப்ரீடின் மகன்களில் மூன்று பேர் அதே தொழிலுக்கு வந்துவிட்டார்கள். நம் ஊர் ஸ்தபதி குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மாதா கதைக்கு வருவோம். 1676-ல் டோர்ஸ்டன் என்ற ஊரில் அந்தோணியுஸ் ஷிர்லி என்ற பிரான்சிஸ்கன் சாமியார் தன் செபப் புத்தகத்தில் இருந்த அமலோற்பவ மாதா படத்துக்கு முன் செபித்துக்கொண்டிருந்தார். என்னை ஹார்டன்பெர்க்குக்குக் கொண்டுபோ, அங்கே நான் வணங்கப்பட வேண்டும் என்று குரல் கேட்டதாம். ஹார்டன்பெர்க் என்பது இந்த நேவிகெஸ்தான். படம் இங்கே வந்தது. நோயில் கிடந்து பிழைத்த பாடர்போர்ன் ஆயர் 1681-ல் நேர்ச்சை செலுத்த வந்ததில் இருந்து யாத்திரை தொடங்கிவிட்டது. கெவலாரிலும் இதே மாதிரிதான்: அங்கே ஹென்ட்ரிக் புஸ்மன் என்ற வியாபாரிக்கு 1641-ல் குரல், அங்கேயும் கையகலக் காகிதத்தில் அச்சடித்த படம். வேளாங்கண்ணியில் அலங்கரித்த சுரூபத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். "இம்புட்டுக் காயிதத்துக்கா இம்புட்டுக் கட்டடம்?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

1960-களில் பழைய கோயில் கூட்டத்துக்குப் போதவில்லை என்று போட்டி வைத்தார்கள். கொலோன் பேராயர் கர்தினால் ஃபிரிங்ஸ்தான் முடிவெடுக்க வேண்டியவர். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. வைத்திருந்த மாதிரிகளை விரலால் தடவித் தடவிப் பார்த்து, பேம் செய்ததில் கை நின்றது என்று ஒரு கதை சொல்கிறார்கள். எவ்வளவு நிஜமோ, இந்தக் கூரையைப் பார்த்தால் தடவித் தேர்ந்தெடுத்தது போலத்தான் இருக்கிறது. 1968-ல் கோயிலை அர்ச்சித்துத் திறந்தார்கள்.

கோயிலுக்குப் போகும் வழியும் பேம் போட்டதுதான். ஒரு பக்கம் வளைவு வளைவாக யாத்திரிகர் விடுதி, நடுவே செங்கல் தளம், வயதானவர்களும் ஏறலாம் என்பது போல உயரம் குறைந்த அகலப் படிகள். அம்மாவுக்கு முழங்கால் வலி. கெவலாரில் நாலு தடவை உட்கார்ந்தவள் இங்கே பேசிக்கொண்டே ஏறிவிட்டாள். வாசலில் வந்ததும் வழக்கம்போல் செருப்பைக் கழற்றினாள். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தாள்.

"இத எங்கல விடுறது?"

இங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்டது அதை அல்ல. வெளியே மிதித்து வந்த அதே செங்கல் தளம் கதவைத் தாண்டி உள்ளேயும் போகிறது. எது வாசல், எது கோயில், எந்த இடத்தில் கழற்றுவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

உள்ளே கும்மிருட்டு. கண் பழக நேரமாகும். பழகினபின் முதலில் தெரிவது விளக்குகள், அதுவும் தெருவிளக்குகள். தெருவில் நிற்பது போலவே கம்பத்தில் நிற்கின்றன. அப்புறம் பக்கச் சுவர்களில் அடுக்கடுக்காக மாடிகள், தெருவைப் பார்த்த வீட்டு மாடி மாதிரி. அதற்கும் மேலே கூரை. நடுவில் ஒரு தூண் கூட இல்லாமல் அத்தனை பெரிய காங்கிரீட் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. இருட்டில் அதன் முடிவு தெரிவதில்லை. வெளிச்சம் வருவதெல்லாம் கண்ணாடிகளில் இருந்துதான். ரோஜாப் பூ போட்ட சிவப்புக் கண்ணாடி. ரோஜா மாதாவின் பூ. கண்ணாடிகளுக்கும் பேம்தான் வரைந்தார். ம்யூனிக்கில் கட்டடக் கலையோடு சிற்பமும் படித்தவர் அவர்.

அம்மா நடுவில் நின்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். "சப்பரம் வந்து நிக்கிற தெரு மாதிரில்லா இருக்கு" என்றாள்.

பேம் நினைத்ததும் அதைத்தான். யாத்திரிகர் நடந்து வரும் தெரு உள்ளே வந்து சந்தைத் திடலாக விரிய வேண்டும், சுற்றிலும் வீடுகள் மாதிரி மாடிகள் இருக்க வேண்டும். கட்டடக் கலை பற்றி எழுதுகிறவர்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை அம்மா ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

படத்துக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து செபமாலை சொன்னோம். கறுப்பு அங்கி போட்ட இளம் சாமியார் ஒருவர் கடந்து போனார். அம்மா எழுந்து நின்று தோத்திரம் சொன்னாள், தமிழில்தான். அவரும் ஏதோ சொல்லித் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். முந்நூறு வருடத்துக்கு மேல் இங்கே இருந்த பிரான்சிஸ்கன் சாமியார்கள் 2020-ல் கிளம்பிவிட்டார்கள். இப்போது பிரான்ஸில் இருந்து வந்த சபைக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். 1978 செப்டம்பரில் போலந்து ஆயர்களோடு கரோல் வொய்த்திவா இங்கே வந்திருக்கிறார். அடுத்த மாதமே அவர் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால். இதைச் சொன்னதும்தான் அம்மாவுக்குக் கோயில் மேல் மரியாதையே வந்தது. 1986-ல் அவர் மெட்ராஸ் வந்தபோது விடிய விடிய பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் அவள். அதே 1986-ல்தான் பேமுக்குக் கட்டடக் கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் கிடைத்தது, ஜெர்மானியர்களில் முதல் ஆளாக. இது அவள் காதில் ஏறவில்லை.

"மேல என்ன போட்டிருக்கான்? ஓடா, தகரமா?"

"ஒண்ணும் இல்லம்மா. வெறும் காங்கிரீட்தான்."

"அப்ப ஒழுகுமே."

ஒழுகியது. விரிசல் விட்டுத் தண்ணீர் இறங்கியது. மேலே பூசிப் பார்த்தும் நிற்கவில்லை. சில வருடங்களுக்கு முன்னால்தான், இரும்புக் கம்பிக்குப் பதில் கார்பன் இழையில் நெய்த வலையை வைத்து, மேலே மெல்லிசாக ஒரு காங்கிரீட் அடுக்குப் போட்டுச் சரிசெய்தார்கள். இரும்பு துருப்பிடிக்கும், அதை மூட கனமாகப் பூச வேண்டும். கார்பன் துருப்பிடிக்காது என்பதால் மெல்லிய அடுக்கே போதும், பழைய கூரை மேல் பாரமும் ஏறாது. அந்த வேலையில் பேமின் மகன் பேட்டரும் இருந்தார்.

"அப்பன் போட்ட தளத்துல மவன் ஒழுகல் அடைச்சானாக்கும்" என்றாள் அம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு மொட்டைமாடி ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஒழுகும். அப்பா இருந்தவரை அவரே ஏறி அடைப்பார். அவர் போனபின் நான் இங்கிருந்து பணம் அனுப்பினேன், யாரோ வந்து எதையோ பூசிவிட்டுப் போனார்கள். இப்போதும் மேற்கு அறையில் வாளி வைத்துத்தான் படுக்கிறாள்.

ரயிலில் வரும்போது அவளாகவே கேட்டாள், அந்த மேஸ்திரிக்கு எத்தனை பிள்ளைகள் என்று. நான்கு, நான்கும் பையன்கள் என்றேன்.

"அந்தப் பொம்பளை பாவம்."

அந்தப் பொம்பளை எலிசபெத். அவரும் கட்டடக் கலைஞர். ம்யூனிக்கில் கூடப் படித்தவர். பேம் இரண்டாம் உலகப் போருக்குப் போய் ரஷ்ய முனையில் காயப்பட்டுத் திரும்பிப் படித்தவர். 1948-ல் கல்யாணம். ஸ்டெஃபன், பேட்டர், பவுல் மூவரும் கட்டடக் கலைக்கு வந்தார்கள், மார்க்குஸ் ஓவியர். பிள்ளைகள் வரவர எலிசபெத்தின் சொந்த வேலை பின்னுக்குப் போனது. கணவர் கட்டடங்களின் உள்வேலையிலும் வண்ணங்களிலும் அவர் கை உண்டு, ஆனால் பரிசுப் பட்டயத்தில் இருப்பது ஒரே பெயர். எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. எலிசபெத் 2012-ல் இறந்தார். கொலோனில் டொமினிகுஸ் கட்டிய வீட்டில்தான் குடும்பமும் அலுவலகமும். தொண்ணூறு தாண்டியும் பேம் மேசையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். கொலோன் எரன்ஃபெல்டில் இருக்கும் பெரிய பள்ளிவாசலை வரைந்தது பவுல். கோயில் கட்டுகிற குடும்பத்துப் பிள்ளை பள்ளிவாசல் கட்டினாரா என்று அம்மா ஆச்சரியப்படவில்லை. "நம்ம பாய் வீட்ட அப்பா கட்டலயா" என்றாள்.

கொலோனில் இறங்கியபோது மழை. கோலும்பாவுக்கும் போய்விடலாம் என்றேன். அங்கிருக்கும் சிற்றாலயம்தான் பேமின் முதல் கட்டடம். போரில் குண்டு விழுந்து கோலும்பா கோயில் நொறுங்கியபோது, ஒரு தூணும் அதில் இருந்த 15-ஆம் நூற்றாண்டு மாதா சுரூபமும் தப்பி நின்றன. அதைச் சுற்றிக் கூடாரம் மாதிரி ஒரு சிற்றாலயம் கட்டச் சொன்னார்கள். 1950-ல் முடித்தபோது பேமுக்கு வயது முப்பது. இடிபாட்டு மாதா என்றே அதற்குப் பெயர். 2007-ல் பீட்டர் சும்தோர் என்ற சுவிஸ்காரர் இடிபாட்டையும் ஆலயத்தையும் சேர்த்து உள்ளடக்கி மேலே கலைக்கூடம் எழுப்பினார். அழகான கட்டடம்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் இப்போது ஆலயத்துக் கண்ணாடிகளுக்கு வெளிச்சம் வடிகட்டித்தான் வருகிறது. பேமுக்கு அதில் வருத்தம் இருந்தது.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் பையோடு உள்ளே வந்து, மெழுகுதிரி ஏற்றி, ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார்கள். அம்மாவுக்கு இங்கே குழப்பமே இல்லை. தெரு வேறு, கோயில் வேறு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள். நனையுமே என்று சொன்னேன், கேட்கவில்லை. இரண்டு திரி ஏற்றினாள். ஒன்று அப்பாவுக்கு.

"இன்னொண்ணு?"

"அந்த மேஸ்திரி பொஞ்சாதிக்கு."

வெளியே வந்தபோது செருப்பைக் காணவில்லை. மழையில் அவள் வெறுங்காலோடு நிற்க, நான் தெருவில் இரண்டு பக்கமும் தேடினேன். அப்புறம்தான் பார்த்தேன், யாரோ எடுத்துக் கதவுக்கு உள்பக்கம், மழை படாத சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்திருந்தார்கள். அம்மா போட்டுக்கொண்டே, "ரயிலு எத்தனை மணிக்குல?" என்றாள்.