கார்-டி சிகிச்சை: பை ஏறுவது அரை மணி நேரம்தான்

கார்-டி என்பது நோயாளியின் டி செல்களை (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள்) எடுத்து, புற்றைத் தாக்கும்படி மாற்றித் திரும்ப ஏற்றும் சிகிச்சை. அதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது செல் ஏற்றும் நாளைப் பற்றித்தான். உண்மையில் இருப்பதிலேயே சப்பையான நாள் அது. வேலையெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்.

முதலில் டி செல் சேகரிப்பு. இயந்திரம் ரத்தத்தை இழுத்து, வெள்ளணுக்களைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை உடம்புக்கே திருப்பிவிடும். 3 முதல் 6 மணி நேரம் ஆகும். ரத்தம் உறையாதிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதடும் விரல் நுனியும் சுருசுருக்கும். பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம். சொன்னால் வேகத்தைக் குறைத்துக் கால்சியம் கொடுப்பார்கள். ஸ்டீராய்டை முன்கூட்டியே நிறுத்தச் சொல்வதற்கும் காரணம் உண்டு: அது டி செல்களையே அழிக்கும்.

செல்கள் தயாராகி வரச் சில வாரங்கள். அதற்குள் நோய் முந்திக்கொள்ளாதிருக்க இடைக்கால மருந்து தேவைப்படலாம். வந்தபின் ஃப்ளூடராபின், சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்துகள், பெரும்பாலும் 3 நாள். புற்றை ஒழிக்க அல்ல, புதுச் செல்லுக்கு இடம் ஒழித்துக் கொடுக்க.

ஏற்றும் நாளில் உறைந்த பை 37 டிகிரியில் உருகும். கைப்பட்டையில் உள்ள பெயரையும் எண்ணையும் பையோடு இரண்டு பேர் ஒத்துப் பார்ப்பார்கள். குழாயில் வெள்ளணு வடிகட்டி இருக்கவே கூடாது. இருந்தால் மருந்து முழுக்க அதிலேயே தங்கிவிடும். உறையவைக்கச் சேர்த்த டிஎம்எஸ்ஓவின் பூண்டு வாடை ஓரிரு நாள் அறையில் நிற்கும். நோயாளிக்குத் தெரியாது, துணைக்கு இருப்பவருக்குத் தெரியும்!

இனிதான் கவனம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே சைட்டோகைன் புயலின் (நோயெதிர்ப்புச் செல்கள் அளவுமீறிப் பொங்கி உடம்பையே தாக்கும் நிலை) முதல் மணி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று இருப்பதுதான் பெரிய தப்பு. தொற்றா என்றும் கூடவே பார்ப்பார்கள். ரத்த அழுத்தமோ ஆக்சிஜனோ இறங்கினால் அந்தப் புயலை அடக்கும் டோசிலிசுமாப் மருந்து, கிலோவுக்கு 8 மில்லிகிராம், உச்சம் 800.

அடுத்தது மூளை. இந்தச் சிகிச்சை அதையும் பாதிக்கலாம். தினமும் ஒரே நோட்டில் ஒரே வாக்கியம் எழுதச் சொல்வார்கள். 100-லிருந்து பத்துப் பத்தாக இறங்கி எண்ணச் சொல்வார்கள். நேற்றுவரை நேராக ஓடிய எழுத்து இன்று கோடு தப்பிக் கோணிக்கொண்டு, பாதிச் சொல்லில் நின்றிருந்தால், 'தூக்கம் போதவில்லை போல' என்று விடாதீர்கள். உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். பேனாவைக் காட்டினால் பெயர் வராமல் தடுமாறுவதும் அப்படித்தான். இதற்கு டோசிலிசுமாப் அவ்வளவாக உதவாது, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுதான்.

வீடு திரும்பியபின் பி செல்கள் (நோயெதிர்ப்புப் புரதங்களை உருவாக்கும் வெள்ளணுக்கள்) மாதக்கணக்கில் இல்லாமலிருக்கலாம். அந்தப் புரதமான இம்யூனோகுளோபுலினின் அளவைப் பார்த்து, தேவைப்பட்டால் சிரை வழியே ஏற்றுவார்கள். எங்காவது ரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய ரத்தம்தான் கேட்க வேண்டும். ஃப்ளூடராபின் எடுத்தவர் என்று எழுதிய சீட்டு பர்ஸிலேயே கிடக்கட்டும்.