டெபாசிட்: இங்கிலாந்தில் வாடகை வீடு எடுக்கும் முன்

இங்கிலாந்தில் வீடு தேடும்போது ஏஜென்ட் டெபாசிட் என்று இரண்டு தடவை பணம் கேட்பார். இரண்டும் வேறு வேறு.

முதலாவது ஹோல்டிங் டெபாசிட். வீட்டை வேறு யாருக்கும் கொடுக்காமல் நிறுத்திவைக்கக் கட்டுவது. ஒரு வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டுக்காரர் மனம் மாறினால் திரும்ப வரும். நீங்கள் பின்வாங்கினாலோ சம்பளத்தைத் தவறாகச் சொல்லியிருந்தாலோ போய்விடும். அதனால் ஒரே சமயத்தில் இரண்டு வீடுகளுக்குக் கட்டாதீர்கள்.

அடுத்ததுதான் நம்ம ஊர் அட்வான்ஸ் மாதிரி. 2019 சட்டப்படி, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவென்றால் உச்சவரம்பு ஐந்து வார வாடகை. மாத வாடகையை நான்கால் வகுத்து ஐந்தால் பெருக்கினால் கணக்கு தப்பும். பன்னிரண்டால் பெருக்கி 52-ஆல் வகுக்க வேண்டும். மாதம் 1,300 பவுண்ட் என்றால் வாரத்துக்கு 300, டெபாசிட் 1,500. 1,625 கேட்டால் 125 அதிகம், தயங்காமல் சொல்லுங்கள்.

அந்தப் பணத்தை வீட்டுக்காரரோ ஏஜென்டோ 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் பதிவு செய்து, விவரத்தை உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் நீதிமன்றம் டெபாசிட்டைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதித்து, அதை உங்களுக்கே தரச் சொல்லலாம்.

உண்மையான சண்டை காலி செய்யும்போதுதான். பெரும்பாலும் சுத்தம்தான் காரணம். நம் வீடுகளில் குறிப்பாக ஓவனின் உள்சுவரில் படிந்த எண்ணெய், அடுப்புக்கு மேலிருக்கும் எக்ஸ்ட்ராக்டர் வலை, வெள்ளை வொர்க்டாப்பில் மஞ்சள் கறை, ஜன்னல் ஓரத்துப் பூஞ்சணம். குடிவந்த அன்றே இதே இடங்களைக் கிட்டத்தில் படமெடுத்து ஏஜென்டுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். தேதி அதிலேயே பதிவாகிவிடும். வீட்டிலுள்ள பொருள்களையும் அவற்றின் நிலையையும் எழுதிய பட்டியலான இன்வென்டரியில் விட்டுப்போன கீறலையும் எழுதிச் சேர்த்த பிறகே கையெழுத்து.

நடந்து நடந்து தேய்ந்த கார்ப்பெட்டுக்கு, வெயிலில் வெளுத்த பெயின்டுக்கு டெபாசிட்டில் பிடிக்க முடியாது. பழைய கார்ப்பெட்டில் கறை பட்டிருந்தாலும் புதிதின் முழு விலையைக் கேட்க முடியாது. சேதத்தை நிரூபிக்க வேண்டியவர் வீட்டுக்காரர், பணம் உங்களுடையது. ஒத்துப்போகாவிட்டால் அந்தத் திட்டத்திலேயே இலவசமாகத் தீர்ப்புக் கேட்கலாம்.

கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லும் பழக்கம் மட்டும் இங்கே வேண்டவே வேண்டாம். அது வாடகை பாக்கியாகப் பதிவாகும். அடுத்த வீட்டுக்காக இந்த வீட்டுக்காரரிடம் கேட்கும் ரெஃபரன்ஸில் அதுவே எழுதப்படலாம்.