நாய் முடி, பூனை முடி, பையில்லா வேக்குவம்: ஒரு உதிர்காலத்தின் நாட்குறிப்பு

மார்ச் 9, 2024

பகல் நீளத் தொடங்கியதும் லாப்ரடார் நாயின் அடிமயிர் கழலத் தொடங்கிவிட்டது. ஹீட்டரும் விளக்கும் ஆண்டு முழுக்க எரியும் வீடுகளில் முடி எல்லா மாதமும் உதிரும். ஆனாலும் வசந்தத்தில் கொட்டுவது தனிக் கணக்கு. இங்கிலாந்து வீடுகளில் படிக்கட்டு வரை சுவரோடு சுவராகக் கார்பெட் என்பதால், கொட்டும் முடிக்குப் போக்கிடம் அதுதான்.

நாயின் மேல்முடி நேரானது, விறைப்பானது. நடக்க நடக்கக் கார்பெட் இழைகளுக்குள் ஊசியாக இறங்கிவிடும். அடிமயிர் மெத்தென்று உருண்டு மூலையில் சேரும். பூனை முடி மிக மெல்லியது, உலர்ந்த அறையில் நிலைமின்னால் துணியோடு ஒட்டும். வெறும் உறிஞ்சலுக்கு இவற்றில் அடிமயிர் மட்டுமே வரும். மற்ற இரண்டையும் முதலில் இழையிலிருந்து பெயர்க்க வேண்டும். வேக்குவத்தில், அதாவது தூசி உறிஞ்சும் கருவியில், நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் வகையை நான் விரும்புவது இதனால்தான்: மோட்டார் சுழற்றும் பிரஷ் உருளை கருவியின் தலையிலேயே இருக்கிறது. இந்தச் சேர்க்கை பழையது. ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் ஊரில் துப்புரவாளராக இருந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர் ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர். சுழலும் பிரஷையும் மின்விசிறியையும் இணைத்து 1908-ல் காப்புரிமை பெற்றார். தூசி சேர அவர் மாட்டியது ஒரு தலையணை உறை.

முதல் வேலைக்கு வேக்குவமே வேண்டாம். ஜன்னல் துடைக்கும் ரப்பர் பட்டையை அல்லது ரப்பர் கையுறை போட்ட கையை ஒரே திசையில், குட்டையாக, அழுத்தி இழுத்தால் புதைந்த முடி கயிறு கயிறாக எழுந்து வரும். கையால் அள்ளிக் குப்பையில் போட்டுவிடுங்கள். கருவியின் தூசித் தொட்டிக்குப் போகும் முடி பாதியாகக் குறையும், உருளையும் பிழைக்கும்.

பிறகு கருவி. ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்க இரண்டு மூன்று விநாடி கொடுக்க வேண்டும். வேகமாக ஓட்டினால் பிரஷ் தட்டி எழுப்பியதை உறிஞ்ச நேரம் இருக்காது. பின்னோக்கி இழுக்கும்போது இன்னும் நிதானம். நீளவாக்கில் முடித்ததும் அதே இடத்தில் குறுக்குவாக்கில் ஒரு முறை.

மார்ச் 10

நேற்று எழுத விட்டுப்போனது, தலையின் உயரம். திருகு அல்லது நெம்புகோல் உள்ள மாடல்களில் மிக உயர்ந்த நிலையில் தொடங்கி, பிரஷ் இழை முனையைத் தொடும் சத்தம் கேட்கும் வரை ஒவ்வொரு படியாக இறக்குங்கள். அங்கே நிறுத்த வேண்டும். அதற்கும் கீழே போனால் கார்பெட் வாயை அடைத்துக்கொள்ளும். தள்ளக் கை வலிக்கும், பெல்ட் சூடேறும், காற்று நின்றுவிடும். தள்ளக் கடினமாக இருப்பதை நல்ல உறிஞ்சல் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அப்போது காற்றோட்டம் இல்லை, காற்றோட்டம் இல்லாமல் முடி நகராது.

வளையம் வளையமாக நெய்த கார்பெட்டில் பிரஷை அணைத்துவிட வேண்டும். நாய் நகம் ஏற்கெனவே இழுத்துவிட்ட ஒரு கண்ணியில் உருளை மாட்டினால் வரிசை முழுக்க உருவிக்கொண்டு வரும்.

மார்ச் 17

தொட்டியைப் பற்றி. தூசியைப் பையில் சேர்க்காத பையில்லா கருவியில் அழுக்குக் காற்று தொட்டிக்குள் பக்கவாட்டில் நுழைந்து சுழல்கிறது. ஈரத் துணியைச் சுழற்றினால் நீர் தெறிப்பது போல, கனமான மண்ணும் முடியும் சுவர் பக்கம் ஒதுங்கிக் கீழே விழும். நடுவிலுள்ள சல்லடை உறை முடியைத் தடுக்கும். அதைக் கடந்த நுண்தூசியை மேலேயுள்ள, காற்றைச் சுழற்றும் சிறு சைக்ளோன் கூம்புகள் பிரிக்கும். மிச்சத்தை மோட்டாருக்கு முன்னுள்ள ஃபில்டர் பிடிக்கும். மரம் அறுக்கும் ஆலைகளின் கூம்பு வடிவ தூசிப் பிரிப்பானைப் பார்த்து ஜேம்ஸ் டைசன் 5,127 முன்மாதிரிகள் செய்து பார்த்த ஏற்பாடு இது. அவர் பெயரிலேயே டிசி01 என்ற அப்ரைட் 1993-ல் பிரிட்டனில் வந்தது.

முடி இந்த ஏற்பாட்டைக் குலைக்கும் விதம் வேறு. மண்போல அடியில் படியாமல், பஞ்சாக உப்பிச் சல்லடை உறையைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். அதிகபட்சக் கோட்டுக்கு இன்னும் இரண்டு விரல் இடம் இருக்கும்போதே சுழற்சி குலைந்துவிடும். அதன்பின் வரும் தூசி நேராக ஃபில்டருக்குத்தான் போகும். ஆகவே உதிர்காலத்தில் கோட்டைப் பார்க்காதீர்கள். உறையைச் சுற்றி முடி வளையம் கட்டியதும் கொட்டிவிடுங்கள். பாதித் தொட்டி என்பதே என் கணக்கு. பெரிய அறை ஒன்றுக்கு ஒரு முறை கொட்டுவது மிகையல்ல.

கொட்டும்போது வீட்டுக்கு வெளியே, ஒரு குப்பைப் பைக்குள் தொட்டியைப் பாதி இறக்கி, பையின் வாயைக் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அடிமூடியைத் திறக்க வேண்டும். சிக்கி நிற்கும் வளையத்தைக் குச்சியால் கீழே தள்ளுங்கள், தொட்டியைத் தட்ட வேண்டாம். தட்டினால் கூம்பிலுள்ள நுண்தூசி முகத்துக்கு வரும். உறையின் துளைகளில் ஒட்டியதை உலர்ந்த பழைய பல் பிரஷ் எடுக்கும்.

கடையில் படிக்கும் எண்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய விதிப்படி 2014 செப்டம்பரில் வேக்குவத்தின் மின்திறன் 1600 வாட்டுக்கும், 2017 செப்டம்பரில் 900 வாட்டுக்குக் கீழும் குறைக்கப்பட்டது. வாட் என்பது மோட்டார் தின்னும் மின்சாரம்தான், அதை உறிஞ்சும் திறனாகப் படிக்கக்கூடாது. அதோடு வந்த ஆற்றல் லேபிளை 2018 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் ரத்து செய்தது. வெறும் தொட்டியோடு செய்த சோதனை உண்மையான பயன்பாட்டைக் காட்டாது என்பதே காரணம். நாய் வளர்க்கும் வீட்டில் இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு இருக்க முடியாது.

மார்ச் 24

உருளையை வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கருவியைச் சாய்த்து அடிப்பாகம் தெரியும்படி வைக்கவும். பெரும்பாலான உருளைகளில் கத்தரிக்கோல் நுழைய நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் ஒரு பிளேடை விட்டு நறுக்கினால் முடி இரண்டு பக்கமும் கழன்று வரும். பள்ளம் இல்லாதவற்றுக்குத் தையல் பிரிக்கும் சிறு கொக்கிக் கத்தி நல்லது, பிரஷ் குச்சத்தை அறுக்காது.

இறுக்கமாகச் சுற்றுவது பெரும்பாலும் நாய் முடியாக இருக்காது. மனிதரின் நீள முடி முதலில் கயிறாகச் சுற்றும், நாய் முடி அதன் மேல் படியும். நடுவில் சுற்றியது கண்ணுக்குத் தெரியும் என்பதால் ஆபத்து குறைவு. இரு முனைகளிலும் உள்ள மூடிகளைக் கழற்றிப் பாருங்கள். அங்கே பேரிங்குக்குள் முடி நுழைந்து இறுகினால் உராய்வில் சூடேறிப் பிளாஸ்டிக் உருகும். கையால் சுழற்றினால் உருளை தடையின்றி ஓட வேண்டும். கரகரவென்றாலோ ஒரு பக்கம் ஆடினாலோ பேரிங் போய்விட்டது, உருளையை மாற்றுங்கள்.

ஏப்ரல் 1

ஃபில்டர் கழுவும் நாள். மோட்டாருக்கு முன்னுள்ள ஸ்பாஞ்சை மாதம் ஒரு முறை என்று பல கையேடுகள் சொல்லும். உதிர்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. குளிர்ந்த நீர் மட்டும், சோப்பு வேண்டாம், வாஷிங் மெஷினும் வேண்டாம். முதலில் குப்பைத் தொட்டி மேல் தட்டி உலர்தூசியை உதிர்த்துவிட்டுப் பிழிந்து பிழிந்து கழுவினால் நீர் தெளியும். முறுக்கக் கூடாது, ஸ்பாஞ்ச் கிழியும்.

காய 24 மணி நேரம் குறைந்தபட்சம். தடிமனான ஸ்பாஞ்ச் ஈரக் குளிர்காலத்தில் இரண்டு நாள் எடுக்கும். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் வைத்தால் உருவம் கோணிவிடும், பிறகு ஓரத்தில் இடைவெளி விழுந்து தூசி அதன் வழியே மோட்டாருக்குப் போகும். அரைகுறை ஈரத்தோடு மாட்டினால் தூசி சேறாகி ஒட்டும், நாற்றமும் தொடங்கும். மாற்று ஃபில்டர் ஒன்று வாங்கி வைத்தால் அவசரப்பட வேண்டியதில்லை.

ஏப்ரல் 7

ஓட்டியதும் வீடெங்கும் நாய் வாடை. காரணம் பெரும்பாலும் தொட்டியில் தங்கிய முடிதான். ஒவ்வொரு முறை முடித்ததும் கொட்டினால் போகும். கழற்றக்கூடிய தொட்டியை மட்டும் கழுவிக் காயவைக்கலாம், சைக்ளோன் பகுதியை நீரில் மூழ்க விடாதீர்கள். வாசனைக் கார்பெட் பொடியும் சமையல் சோடாவும் இந்த வகைக் கருவிக்கு ஆகவே ஆகாது. அவை கூம்பில் பிரியாத அளவு நுண்மையானவை, ஃபில்டரை ஒரே தடவையில் பூசிவிடும்.

ஏப்ரல் 14

உறிஞ்சல் குறைந்துவிட்டது, மோட்டார் போய்விட்டது என்று தெருவோரம் வைக்கப்படும் கருவிகளில் பெரும்பாலானவற்றில் மோட்டார் நலமாகவே இருக்கும். காற்று வரும் வழியில் எங்கோ முடி அடைத்திருக்கும். தேடும் முறை இது.

தொட்டியைக் கொட்டி, ஃபில்டர் உலர்ந்தும் சுத்தமாயும் இருப்பதைப் பார்த்த பிறகு, கைக்குழாயைக் கழற்றி அதன் முனையில் உள்ளங்கையை வையுங்கள். அங்கே இழுவை பலமாக இருந்தால் அடைப்பு தரைப்பக்கம். தலைக்கும் உடலுக்கும் நடுவே வளையும் சிறு குழாய்தான் முதல் குற்றவாளி: நாய் உணவுத் துண்டு ஒன்று குறுக்கே நிற்கும், முடி அதன் மேல் சேர்ந்து தக்கையாகும். கைக்குழாயிலும் இழுவை இல்லையென்றால் குழாயை முழுதாகக் கழற்றி, நிமிர்த்திப் பிடித்து ஒரு நாணயத்தை உள்ளே போடுங்கள். மறுமுனையில் விழாவிட்டால் அடைப்பு குழாயில். சட்டை மாட்டும் கம்பி ஹேங்கரை நேராக்கிக் குத்தாதீர்கள், நெளிகுழாய் ஓட்டையாகும். நுனி மழுங்கிய நீள மரக்குச்சி போதும். குழாயும் சரி என்றால் தொட்டியின் நுழைவாய், பிறகு உறை, பிறகு ரப்பர் வளையங்கள். வளையத்தில் ஒரு முடிக்கற்றை படுத்திருந்தாலே காற்று கசியும்.

ஓடிக்கொண்டிருந்த கருவி தானே நின்றால் அது வெப்பப் பாதுகாப்பு. காற்று இல்லாததால் மோட்டார் சூடேறியிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, அடைப்பை நீக்கி, குளிர விடுங்கள். மாடலைப் பொறுத்து அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். அடைப்பை எடுக்காமல் திரும்பத் திரும்ப ஓட்டுவதுதான் மோட்டாரை உண்மையில் கொல்கிறது.

ஏப்ரல் 20

பூனை மலம் கழிக்கும் பெட்டியின் மணல். கட்டியாகும் களிமண் வகை ஈரம் பட்டால் இறுகும், அதற்காகவே செய்யப்பட்டது. கூம்புக்குள் ஈரக்காற்றோடு சேர்ந்தால் சிமெண்டாகிவிடும். பெருக்கி அள்ளுங்கள். கால்தடத்தில் சிதறிய நாலு மணியை மட்டும் பிரஷை அணைத்துக் கைக்குழாயால் எடுக்கலாம். பிரஷ் ஓடினால் மணியெல்லாம் சுவரோரம் பறக்கும். ஈரமான எதையும், வாந்தி, மூத்திரம் உட்பட, இந்தக் கருவியிடம் காட்டக்கூடாது. வெள்ளெலிக் கூண்டின் மரச்சீவலும் அப்படியே: ஒரு பிடி போதும், வளைவுக் குழாய் அடைந்துவிடும்.

மே 5

படிக்கட்டும் சோபாவும். காற்றால் சுழலும் சிறு டர்பைன் தலை இதற்கென்றே வருகிறது. காற்றோட்டம் முழுதாக இருந்தால்தான் அது சுற்றும், ஃபில்டர் அரைகுறை என்றால் முதலில் நிற்பது இதுதான். அழுத்தினாலும் நிற்கும். மேலோட்டமாக விட்டு ஓட்டுங்கள். படியில் அப்ரைட் உடலைத் தரையில் நிறுத்தி, கீழிருந்து மேலாகப் போக வேண்டும். உடலை மேல்படியில் வைத்துக் குழாயை இழுத்தால் தலைமேல் விழும்.

மே 18

வெயில் வந்ததும் தெள்ளுப்பூச்சி. நாய் மேலும் பூனை மேலும் ஏறுவது பெரும்பாலும் பூனைத் தெள்ளு என்ற ஒரே இனம். முட்டை முடியில் ஒட்டாது, உதிர்ந்து கார்பெட்டில் விழும். புழு வெளிச்சத்துக்கு அஞ்சி இழையின் அடிக்குப் போகும். கூட்டுக்குள் இருக்கும் பருவம் மாதக்கணக்கில் காத்திருக்கும், அதிர்வும் சூடும் மூச்சுக்காற்றும் பட்டால் வெளிவரும். வேக்குவம் ஓட்டுவதே அந்த அதிர்வு. ஓட்டிய மறுநாள் பூச்சி கூடியதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஒளிந்திருந்தவை வெளியே வந்திருக்கின்றன.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2007-ல் வெளியான ஆய்வில், வேக்குவத்தில் போன வளர்ந்த தெள்ளுகளில் சராசரியாக 96 சதவீதம் செத்தன, இளம் பருவங்கள் 100 சதவீதம். ஆனால் இழையைப் பற்றிக்கொண்ட புழுவும் ஒட்டிய கூடும் எல்லாம் உள்ளே வந்துவிடாது. அதனால் சுவரோரம், சோபா அடி, நாய் படுக்கும் இடம் ஆகியவற்றைத் தினமும் ஓட்டுங்கள், உடனே தொட்டியைக் கொட்டுங்கள். மருந்து அடிப்பதாக இருந்தால் அதற்கு முன் ஓட்ட வேண்டும், மறுபடி எப்போது என்று டப்பாவில் எழுதியிருக்கும். விலங்குகளுக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை வேண்டும். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உள்ள நாய் மருந்து பூனைக்கு விஷம், உயிரே போகும். இரண்டும் உள்ள வீட்டில் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் எதையும் பூசாதீர்கள்.

மே 26

பூனை ஒவ்வாமை முடியால் வருவதில்லை. எச்சிலிலும் தோல் சுரப்பியிலும் உள்ள ஃபெல் டி 1 என்ற புரதத்தால் வருகிறது. 5 மைக்ரானுக்கும் சிறிய துகளில் ஏறி மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். வெளியேறும் காற்றில் ஹெபா என்ற நுண்துகள் ஃபில்டர் இல்லாத கருவி அதைக் கிளப்பிவிடவே செய்யும். ஹெபாவில் ஹெச்13 வகை 99.95 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தரம். ஆனால் உடலின் மூட்டுகளில் கசிந்தால் ஃபில்டரின் தரத்துக்கு அர்த்தமில்லை, ஆகவே ரப்பர் வளையங்களை மாதம் ஒரு முறை துடையுங்கள். ஒவ்வாமை உள்ளவர் தொட்டியைக் கொட்ட வேண்டாம்.

ஜூன் 8

பெல்ட். உருளை நின்று மோட்டார் மட்டும் ஓடினாலோ, ரப்பர் கருகும் வாடை வந்தாலோ, உடனே அணையுங்கள். தட்டையான ரப்பர் பெல்ட் நீண்டு தளரும். முடி அதிகமுள்ள வீட்டில் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் மாற்றுவது வழக்கம். பல் வைத்த பெல்ட் நீளாது, உருளை மாட்டினால் பல் உதிரும். பெல்ட்டின் எண் அதன் மேலேயே அச்சாகியிருக்கும், மாடல் எண்ணோடு ஒத்துப் பார்த்தே வாங்குங்கள்.

அடித்தகட்டின் திருகுகளைக் கழற்றி, பழைய பெல்ட்டை எடுத்து, முதலில் மோட்டார் அச்சின் முடியை நறுக்க வேண்டும். அங்கே சுற்றியதை யாரும் பார்ப்பதில்லை, புது பெல்ட்டும் அதனால்தான் ஒரே மாதத்தில் அறுகிறது. புதியதை அச்சில் மாட்டி, உருளையின் பள்ளத்தில் ஏற்றி, இழுத்து உட்கார வைத்ததும் கையால் சில சுற்று சுற்றுங்கள். பெல்ட் நடுவிலேயே ஓட வேண்டும். ஓரத்துக்கு ஏறினால் உருளையின் ஒரு முனை சரியாக உட்காரவில்லை. தகட்டை மூடும் முன் அதைக் கழற்றித் திரும்ப மாட்டுங்கள்.