லாக்டுலோஸ் கேட்டால் வேறு சிரப்: ஒரு மருந்துக்கடை அனுபவம்

டாக்டர் எழுதிய சிரப் இல்லை, "இதுவும் அதே வேலைதான் செய்யும்" என்று மருந்துக்கடையில் வேறொரு பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

நாங்கள் பாலக்கோடு பக்கம். அத்தைக்கு முட்டி வலி. தருமபுரியில் எலும்பு டாக்டரிடம் காட்டியதில் டிரமடால் கலந்த வலி மாத்திரை, கால்சியம், ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை என்று வரிசையாக எழுதினார். மூன்றுமே மலத்தைக் கட்டக்கூடியவை. அது போதாதென்று, ராத்திரி எழுந்து பாத்ரூம் போவதற்குப் பயந்து அத்தை சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரையே தொட மாட்டார். "களி தின்ன உடம்பு, எனக்கென்ன" என்று வீம்பு வேறு. வயிறு உப்பி, சோறே இறங்கவில்லை என்ற பிறகுதான், நாள்கணக்கில் மலம் போகவில்லை என்ற விஷயத்தைச் சொன்னார்.

குடும்ப டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். வாந்தி உண்டா, காற்று பிரிகிறதா, ரத்தம் போகிறதா என்று கேட்டார். குடல் அடைப்பு இருந்தால் பேதி மருந்து எதையும் கொடுக்கக் கூடாது, அதனால்தான் அத்தனை கேள்வி. அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப், இரவு 15 மில்லி என்று எழுதினார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் சீட்டைக் கொடுத்தேன். பையன் ஒரு பாட்டிலைக் கவரில் போட்டுத் தந்தான். பில் கேட்டதற்கு, "பில் புக் தீர்ந்துடுச்சுக்கா." வீட்டுக்கு வந்து லேபிளைப் படித்தால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, லிக்விட் பாரஃபின். லாக்டுலோஸ் என்ற பேச்சே இல்லை. அத்தைக்குக் கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) ஏற்கெனவே கொஞ்சம் ஏறியிருக்கிறது. கிட்னி மந்தமாக இருப்பவர்களுக்கு மெக்னீசியம் வெளியேறாமல் ரத்தத்தில் சேரும். பாரஃபின் எண்ணெயோ, படுத்தபடி குடிக்கிற வயதானவர்களுக்குப் புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

மறுபடி பஸ் ஏறிப் போனேன். சீல்கூட உடைக்காத பாட்டில். "ரெண்டும் மோஷன் போறதுக்குத்தாங்க்கா" என்றான். கிட்னி விஷயத்தைச் சொன்னதும் உள்ளேயிருந்து முதலாளி வந்தார். வந்து என்ன கேட்டார் தெரியுமா? "பில் இருக்காம்மா? இல்லாட்டி திரும்ப எடுக்க மாட்டோம்." காசு போனது போனதுதான். லாக்டுலோஸ் வேறொரு கடையில் கிடைத்தது. 15 மில்லியில் 10 கிராம் என்று லேபிளில் இருப்பதைப் பார்த்து, பில்லைக் கையில் வாங்கிய பிறகே காசை எடுத்தேன்.

பாகு மாதிரி ஒரே தித்திப்பு. சர்க்கரை ஏறிவிடுமோ என்று அத்தைக்கு ஒரே கவலை. இது பெரும்பாலும் ரத்தத்தில் சேராமல் பெருங்குடலுக்குப் போய்விடும், இந்த அளவுக்குப் பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் கொஞ்சம் லாக்டோஸும் கேலக்டோஸும் கலந்திருக்கும் என்பதால் சுகர் உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. கேலக்டோசீமியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆகவே ஆகாது.

பாட்டிலோடு வரும் அளவு மூடியில்தான் ஊற்ற வேண்டும். நம் வீட்டு ஸ்பூன்கள் ஒவ்வொன்றும் ஒரு சைஸ், அதை நம்பினால் பாதியும் போகும், இரட்டிப்பும் போகும்.

குடித்த ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காற்றும் கடமுடாவும் மட்டும். இந்த மருந்து அப்படித்தான். பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியா அதை உடைத்து, அங்கே தண்ணீரை இழுத்து, மலத்தை இளக்க 24 முதல் 48 மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அந்த வாயுத் தொல்லையும் சில நாளில் குறைந்துவிடும். இதெல்லாம் யார் கேட்கிறார்கள்? பக்கத்து வீட்டு அக்கா விளக்கெண்ணெயோடு வந்து நின்றுவிட்டார். "ரெண்டு மூடியா ஊத்து, கூடவே இதையும் குடு, காலையில சுத்தமாயிடும்." சுத்தமாகத்தான் ஆகும், அத்தை மயங்கி விழுந்திருப்பார். வயதானவர்களுக்குப் பேதி பிடுங்கிக்கொண்டால் தண்ணீரோடு பொட்டாசியமும் இறங்கிவிடும். காபி கொடுத்து அனுப்பி வைத்தேன்.

உண்மையான போராட்டம் தண்ணீர்தான். குடலுக்குள் இழுக்கத் தண்ணீர் உடம்பில் இருந்தால்தானே? கால் வீக்கம், இதயக் கோளாறு இல்லை என்று பார்த்துவிட்டு, நாளைக்கு ஒன்றரை லிட்டராவது குடிக்கட்டும் என்றார் டாக்டர். அத்தை மசியவில்லை. அப்புறம் ஒரு லிட்டர் பாட்டிலை மதியச் சாப்பாட்டுக்கு முன்பு, மீதியைச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் என்று ஏற்பாடு செய்தேன். நீர்மோரும் கணக்கில் சேர்த்தி. ராத்திரி எழ வேண்டியதில்லை என்று தெரிந்ததும் மறுப்பே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அடுத்த நாள் விடிகாலையில் பாத்ரூமிலிருந்து வெளியே வந்து, "ஆச்சு" என்றார். அன்றைக்கு ரெண்டு உருண்டை களி இறங்கியது.

கொஞ்ச நாள் கழித்து மலம் தண்ணியாகப் போக ஆரம்பித்தது. டாக்டரைக் கேட்டு 10 மில்லியாகக் குறைத்ததும் சரியானது. ஒன்று கவனியுங்கள்: நாள்கணக்கில் போகாமல் இருந்தவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் அது எப்போதும் பேதி ஆகாது. கட்டியாக அடைத்திருக்கும் மலத்தைச் சுற்றிக் கசிவதாகவும் இருக்கலாம். அப்போது மருந்தைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் நாமாகச் செய்யக் கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். வயிறு உப்பி, வாந்தியோடு கடுமையாக வலித்தால் நேராக ஆஸ்பத்திரிதான்.

இரும்புச்சத்து மாத்திரையை டாக்டர் இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மாற்றியிருக்கிறார். சிரப் தேவைப்படும்போது மட்டும். கடையில் மாற்றிக் கொடுத்த அந்தப் பாட்டில், சீல் உடைக்காமல், காலாவதித் தேதிக்காகக் காத்துக்கொண்டு அலமாரியில் இருக்கிறது. அந்தக் கடைக்கு இனி தலைவலி மாத்திரைக்குக்கூடப் போவதாக இல்லை.