ஒன்பதாவது கேள்வி

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்ததும் வலிக்குக் கொடுத்த ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) மாத்திரையில்தான் ஆரம்பித்தது. வலி போய்விட்டது, மாத்திரையை விட முடியவில்லை. அதைப் போட்டால் மனசு அடங்கிக் கிடக்கும். மூன்று வருடம் அப்படியே ஓடியது.

அந்தப் பழக்கத்தை விடச் சிகிச்சைக்குப் போன அன்று, அதற்குப் பதிலாகத் தரும் பூப்ரனார்ஃபின் என்ற மருந்தை உடனே கொடுத்துவிடவில்லை. பழைய மாத்திரை இல்லாமல் வரும் கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு எல்லாம் வரட்டும் என்று உட்கார வைத்தார்கள். அவசரப்பட்டால் உடம்பில் மிச்சமிருக்கும் பழைய மருந்தை இது தள்ளிவிட்டு, அவஸ்தையை ஒரே நேரத்தில் கொண்டுவந்து கொட்டிவிடுமாம். அப்புறம் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தார்கள். விழுங்கக் கூடாது. கசப்பு ஊறிய எச்சிலோடு வாயை மூடிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் கால் உதறல் நின்றது. அழுதுவிட்டேன்.

இரண்டு வாரத்தில் உடம்பு தேறியது. "ஆளே மாறிட்டியே" என்றார்கள் வீட்டில். எனக்கோ விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். எதிலும் ருசி இல்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. இவ்வளவு செய்தும் இவன் இப்படித்தான் என்று டாக்டர் நினைத்துவிடுவாரோ என்று பயந்து வாயே திறக்கவில்லை. நண்பரிடம் தூக்க மாத்திரை கேட்கக்கூட யோசித்தேன். கேட்காததே என் அதிர்ஷ்டம். அந்த வகை மாத்திரைகள் பூப்ரனார்ஃபினோடு சேர்ந்தால் மூச்சையே அமுக்கிவிடும்.

மாதா மாதம் மனச்சோர்வுக்கென்று ஒரு படிவம் தருவார்கள். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. கடைசிக் கேள்வி, செத்துப் போனால் நல்லது என்ற எண்ணம் வந்ததா என்பது. மூன்றாவது மாதம் 0 போட்டேன், அடித்தேன், மறுபடி 0 போட்டேன். டாக்டர் அந்த அடித்தலைத்தான் பார்த்தார். "எப்போதிலிருந்து?" என்று மெதுவாகக் கேட்டார். எண்ணிப் பார்த்தால், மாத்திரைக்கும் முன்னால், அப்பா இறந்த வருடத்திலிருந்தே. அதைத்தான் மாத்திரை இத்தனை நாள் மூடி வைத்திருந்தது.

பூப்ரனார்ஃபினை நிறுத்தாமலே மனச்சோர்வுக்கும் மருந்து தொடங்கினார்கள், வாரம் ஒருமுறை ஆலோசனையும். மருந்து பிடிக்கவே நான்கைந்து வாரம் ஆயிற்று. நடுவில் உறவினர் ஒருவர், "ஒரு போதையை விட்டு இன்னொன்றா?" என்றார். குன்றிப்போய், நிறுத்திவிடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். நிறுத்தினால் ஆசை திரும்பும், உடம்பின் தாங்குசக்தியும் குறையும், அப்போது பழைய அளவைப் போட்டால் உயிரே போகலாம் என்றார். அன்றே, ஓபியாய்டு அளவு மிஞ்சி மூச்சு அடங்கினால் மீட்க மூக்கில் அடிக்கும் நாலக்ஸோன் ஸ்பிரேயைக் கொடுத்து, எப்படி அடிப்பது என்று அக்காவுக்கும் காட்டினார்கள். அக்கா அதைத் தன் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறாள்.

போன மாதம் ஒன்பதாவது கேள்விக்கு 0 போட்டேன், அடிக்காமல். தூக்கத்தைக் கேட்கும் மூன்றாவது கேள்விக்கு இன்னும் 1தான்.